பத்மினிக்கு வந்த மூன்றாவது எரிபொருள்

2023 அக்டோபர் 30ஆம் தேதி முதல் மும்பைச் சாலைகளில் பிரீமியர் பத்மினி டாக்சி எதற்கும் ஓடும் உரிமை இல்லாமல் போயிற்று. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானதுதான் கடைசி வண்டி. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது மும்பையின் விதி. கணக்கு முடிந்தது, கறுப்பு மஞ்சள் பத்மினி விடைபெற்றது. பத்திரிகைகள் உருக்கமாக இரங்கல் எழுதின.

ஆனால் விடைபெற்றது டாக்சிதான். சொந்த உபயோகத்துக்கு வாங்கப்பட்ட பத்மினிகளும் அவற்றுக்கு மூத்த ஃபியட் 1100 வண்டிகளும் இன்னும் இருக்கின்றன. மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களின் கீழேயும், செம்பூர் குடியிருப்புகளின் காம்பவுண்டுச் சுவரோரத்திலும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அவை நிற்கும். அப்பா வாங்கியது, மாமனார் கொடுத்தது, விற்க மனம் வராதது. வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பழைய கார் சேகரிக்கும் செல்வந்தர்கள் அல்லர். மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள். அவர்கள் கேள்வி எளியது: அதிகச் செலவில்லாமல் இந்த இன்ஜினை இன்றைய சாலைக்கும் இன்றைய பெட்ரோலுக்கும் தகுந்தாற்போல் மாற்ற முடியுமா?

முடியும். இதே நகரம் இதே இன்ஜினை ஏற்கெனவே இரண்டு முறை புதிய எரிபொருளுக்குப் பழக்கியிருக்கிறது. இப்போது நடப்பது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் துணைக்கு இருந்த ஒன்று இந்த முறை இல்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் இன்ஜினைத் தெரிந்துகொள்வோம். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா தொழிற்சாலையில் தயாரித்த கார் இது. 1964இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்தது, 1970களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆயிற்று. பெயர் மாறியதே தவிர இன்ஜின் மாறவில்லை. நான்கு சிலிண்டர், 1089 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். இத்தாலியில் இதன் மூதாதை 1937ஆம் ஆண்டின் ஃபியட் வண்டியில் ஓடியது. அதாவது காரை விட இன்ஜினுக்கு வயது அதிகம். இரும்பு பிளாக், அதன் மேல் அலுமினிய ஹெட், ஒரே ஒரு கார்புரேட்டர், இன்ஜினின் சுழற்சியாலேயே இயங்கும் சிறிய பெட்ரோல் பம்பு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் திருகிச் சரிசெய்யக்கூடிய இயந்திரம். இந்த எளிமைதான் அதன் பலம்.

முதல் மாற்றம் ஈயத்தால் வந்தது. பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் கலந்த காலம் ஒன்று இருந்தது. இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகக் கலந்தார்கள். அது வால்வும் வால்வு சீட்டும் உரசித் தேயாமல் இடையில் ஒரு மெல்லிய படலமாகவும் பயன்பட்டது. புகையில் வெளியேறிய ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. சரியான முடிவு, அதில் மறுபேச்சு இல்லை. பழைய இன்ஜின்களுக்கு மட்டும் வால்வு சீட் சீக்கிரம் தேயும் தொல்லை வந்தது. பட்டறைகள் ஹெட்டை இறக்கி, பழைய சீட்டை எடுத்துவிட்டு, கடினமான உலோகத்தில் புதிய சீட் பதித்தார்கள். ஒரு முறை செலவழித்தால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

இரண்டாவது மாற்றம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. மும்பையின் வாகனப் புகை குறித்துக் குடிமக்கள் தொடுத்த பொதுநல வழக்கில், 1999 இறுதியில் மும்பை உயர் நீதிமன்றம் வி.எம்.லால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து 2001 அக்டோபரில் பழைய டாக்சிகள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. நகரத்தில் 1995இல் அமைக்கப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனம் இருந்தது; கடலில் பாம்பே ஹை எண்ணெய் வயல் இருந்தது. வண்டிகளுக்கு சி.என்.ஜி. என்ற அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு பொருத்தப்பட்டது.

இந்த மாற்றத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குறைந்த செலவில் ஒரு பழைய இன்ஜினின் எரிபொருள் அமைப்பை மாற்றுவது எப்படி என்பதற்கு மும்பை டாக்சியைப் போன்ற பாடம் வேறு கிடையாது. டிக்கியில் ஓர் உருளை. அதில் எரிவாயு 200 பார் அழுத்தத்தில் இருக்கும். இன்ஜின் பக்கம் ஓர் அழுத்தக் குறைப்பான். அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு கடுமையாகக் குளிர்ந்து குறைப்பானை உறைய வைத்துவிடும் என்பதால், ரேடியேட்டர் சுற்றில் ஓடும் வெந்நீரை அதைச் சுற்றி ஓடவிடுவார்கள். கார்புரேட்டரின் வாயில் ஒரு மிக்சர். காற்றோடு வாயு அங்கே கலக்கும். பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மாற ஒரு சுவிட்ச். இன்ஜினின் உள்ளே ஒரு பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே கவனிக்க வேண்டியவை இருந்தன. எரிவாயு காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிக்கப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். வாயு மெதுவாக எரிவதால் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே தர வேண்டும். பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பெட்ரோலின் ஈரம்கூட இல்லாத வறண்ட எரிபொருள் என்பதால் வால்வு சீட் மீண்டும் தேயும். ஈயம் போனபோது கடினமான சீட் பதித்துக்கொண்டவர்கள் இங்கே தப்பித்தார்கள். டிக்கியை உருளை அடைத்துக்கொண்டதால் பயணியின் பெட்டி கூரைக் கேரியருக்குப் போயிற்று. மும்பைக்கு முதன்முதலாக வருகிறவர்கள் வேடிக்கை பார்த்த அந்தக் காட்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

டாக்சிக்காரர்கள் இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கவில்லை. அவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. ஆகவே எது முதலில் செய்ய வேண்டியது, எது அப்புறம், எது வேண்டவே வேண்டாம் என்ற வரிசை அவர்களுக்குப் பாடமாயிற்று. குர்லா, சயான் கோலிவாடா, தாராவிப் பட்டறைகளில் அந்த வரிசைதான் தொழில் ரகசியம். அங்கே இந்தியும் மராட்டியும் திருநெல்வேலித் தமிழும் கலந்த ஒரு மொழி உண்டு. கார்புரேட்டரில் ‘கச்ரா’ அடைக்கும், இன்ஜின் ‘மிஸ்ஸிங்’ ஆகும், ஹெட்டை ‘இறக்குவார்கள்’, பிளாக்கைப் ‘போர் அடிப்பார்கள்’. கார்புரேட்டருக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கலைச்சொல்லாக்கக் குழுக்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், எந்தச் சொல்லுக்கும் காத்திராமல் அதைக் கழற்றி மாட்டியவர்கள் இவர்கள்.

இப்போது மூன்றாவது மாற்றம். பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022இல் 10 சதவீதத்தை எட்டியது. 2025இல் 20 சதவீதம் ஆயிற்று. கரும்பிலும் சோளத்திலும் மற்றத் தானியங்களிலும் எடுக்கும் எத்தனாலால் எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்கு வருமானம் வரும் என்பது அரசின் வாதம். அந்த விவாதம் இங்கே வேண்டாம். 20 சதவீதக் கலவை 1089 சி.சி. இன்ஜினை என்ன செய்யும் என்பதுதான் நம் கேள்வி.

மூன்று காரியங்கள் செய்யும். ஒன்று, எத்தனாலில் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு ஏழு சதவீதம் வரை சக்தி குறையும். அதோடு, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். நவீன காரில் சென்சார் இதை உணர்ந்து கூடுதல் எரிபொருளைத் தெளிக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அது பழைய அளவையே கொடுக்கும், கலவை மெலிந்துபோகும், இன்ஜின் சூடேறும். அலுமினிய ஹெட்டுக்குச் சூடு ஆகாது; வளைந்துவிடும். இரண்டு, பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட், பம்பின் டயாபரம் ஆகியவற்றை எத்தனால் ஊறவைத்து உப்பவோ விரிசலிடவோ செய்யும். பெட்ரோல் கசிவு என்பது தீ விபத்தின் முதல் படி. மூன்று, எத்தனால் நீரை இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓடாமல் நிற்கும் வண்டியின் இரும்பு டாங்க்கில் நீர் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் அடியில் தனியாகப் பிரிந்து துருவேற்றும். டாங்க்கில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பிசினையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டரில் சேர்க்கும்.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20 முதல் 30 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம், அது மலிவான வேலைதான் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே சமாளிப்பதுதான் வழி.

எந்த வரிசையில் செலவழிப்பது? டாக்சிக்காரர்களின் வரிசையே இங்கும் சரி. முதலில் இன்ஜினைத் திறக்காதீர்கள், அளந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்க ஒரு மீட்டர் போதும். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இன்ஜின் நலம். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் குற்றம் வால்வில். இந்த அரை மணி நேரச் சோதனை, தேவையில்லாத ஓவர்ஹாலில் போகும் பணத்தைக் காப்பாற்றும். போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டால் சக்தி கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு: இந்த சிலிண்டரின் குறுக்களவு 68 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் மொத்தத்தில் 16 சி.சி.தான் கூடும். போர் அடிப்பது தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலை. பலம் ஏற்றும் வேலை அன்று.

அடுத்தது தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டரில் தேய்ந்துகொண்டே இருக்கும் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது, போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தரும் வேலைகளில் ஒன்று. ஸ்டார்ட்டிங் சுலபமாகும், பெட்ரோல் மிச்சமாகும். கூடவே டேப்பட் இடைவெளி, ரேடியேட்டர் அடைப்பு இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

அதன் பிறகு எரிபொருள் பாதை. டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை. டாங்க்கை இறக்கிக் கழுவுவது, துருப் பிடித்திருந்தால் மாற்றுவது. ரப்பர் குழாய் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் குழாயாக மாற்றுவது. சாதாரணக் குழாயை விட விலை கூடுதல், ஆனால் இந்த வண்டிக்குத் தேவைப்படுவது சில அடி நீளம்தான். வழியில் ஒரு ஃபில்டர். பம்புக்குப் புதிய டயாபரம். கார்புரேட்டருக்குப் புதிய கேஸ்கெட்டும் நீடில் வால்வும். மெலிந்த கலவையைச் சரிசெய்ய ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். ஜெட்டின் எண் அதன் துளையின் அளவு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். கலப்பில்லாத பெட்ரோலுக்கு 120 இருந்த இடத்தில் 20 சதவீத எத்தனாலுக்கு 125 பொருந்தும். பட்டறையில் கம்பி விட்டுக் குத்தி அடைப்பெடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். துளையின் கணக்கு கெட்டுவிடும். சரியா என்று பிளக் சொல்லும். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கரி பிடித்திருந்தால் மிகுதி.

மே மாத நெரிசலில் குழாயில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்பதும், ஓட்டுநர் பம்பின் மேல் ஈரத்துணி போடுவதும் ஃபியட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குழாயைச் சூடான புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டினாலே பாதித் தொல்லை தீரும். மின்சார பம்பு போடுவதானால் கார்புரேட்டருக்கு உரிய குறைந்த அழுத்த பம்புதான் வேண்டும். இன்ஜெக்‌ஷன் காருக்கு உரியதைப் போட்டால் அதன் அழுத்தத்தை நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும். இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம்.

பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: “அண்ணாச்சி, இதைத் தூக்கிப்போட்டுட்டு மாருதி இன்ஜினை வச்சிட்டா என்ன?” செய்யலாம்; செய்தவர்கள் உண்டு. பிரீமியர் கம்பெனியே 1985இல் தன் 118 என்.இ. காருக்கு நிசான் இன்ஜினைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய வண்டியில் வேற்று இன்ஜினைப் பொருத்துவது இன்ஜினோடு நிற்காது. கியர் பாக்ஸ், தாங்கிகள், ரேடியேட்டர், பிரேக் என்று ஒன்றின் பின் ஒன்றாகச் செலவு தொடரும். சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் பொருத்துவதற்கு வழி உண்டு, அதை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தாக வேண்டும், உருளையை 3 ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். அனுமதியில்லாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

இன்னொரு இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 வயது கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. சேசி, பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாறுதல் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1970களின் முற்பாதியில் வாங்கிய வண்டிகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது என்பது வேறு விஷயம். வேற்று இன்ஜின் வைத்த வண்டிக்கு அந்தக் கதவு மூடிவிடும். சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதும் மலிவாக இல்லை: காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆயிற்று, 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி காகிதத்துக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முதல் இரண்டு முறையும் இருந்து இந்த முறை இல்லாமற்போனது டாக்சிதான். டாக்சிகள் ஆயிரக்கணக்கில் ஓடியதால்தான் பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. மெக்கானிக்குகள் ஒரே இன்ஜினைத் தினமும் திறந்து மூடியதால்தான் கை தேறியது. மாட்டுங்காவில் வாரம் ஒரு முறை கோயிலுக்கு எடுக்கப்பட்ட சொந்த வண்டி, தார்தேவில் நாள் முழுக்க உழைத்த டாக்சியின் நிழலில்தான் மலிவாக வாழ்ந்தது. அந்த நிழல் 2023இல் போய்விட்டது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலைப் பழைய சாமான் கடைகளில் இருப்பது இருக்கும் வரை கிடைக்கும். டாக்சியில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் போய்விட்டார்கள், அதில் தவறும் இல்லை. அதானி குழுமம் 2022இல் ஏலத்தில் வென்ற தாராவி மறுசீரமைப்பு முடியும்போது, பத்துக்குப் பத்துப் பட்டறைகளில் எத்தனை அதே இடத்தில் இருக்கும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஈயத்தை எடுத்ததும், புகையைக் குறைத்ததும் எல்லோருடைய மூச்சுக்கும் நல்லது. ஆனால் மூன்று முறையும் எரிபொருளை மாற்றியது அரசும் நீதிமன்றமும். அதற்கேற்ப இன்ஜினை மாற்றிக்கொண்ட செலவு வண்டிக்காரருடையது. அதைக் கட்டுப்படியாகும் செலவாக ஆக்கித் தந்தது, பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறை. இந்த மூன்றாமவரை எந்த ஆவணமும் குறிப்பிடுவதில்லை.

எனவே பத்மினி வைத்திருப்பவர்கள் குதிரைத்திறனைக் கூட்ட ஆசைப்படுவதற்கு முன் இந்த ஆண்டே இரண்டு காரியம் செய்வது நல்லது. டயாபரம், கேஸ்கெட், நீடில் வால்வு, வால்வு சீட், பாயின்ட் என்று தேயும் பாகங்களில் இரண்டிரண்டு வாங்கி வைக்கலாம். வேலை தெரிந்த மூத்த கையிடம் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாமல், பக்கத்தில் நின்று பார்த்து, எந்த ஜெட், எத்தனை இடைவெளி, எவ்வளவு டைமிங் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். நோட்டின் விலை முப்பது ரூபாய். வண்டியில் செய்யக்கூடிய மிக மலிவான மேம்பாடு அதுதான்.